மூடியபின் தெரியாத வேலை

நான் டேங்க் கட்டுகிறேன் என்று சொன்னபோது எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் பாதிப் பேர் தண்ணீர்த் தொட்டி என்றுதான் நினைத்தார்கள், சார். வயர்மேன் கரீம் பாட்சாகூட, "அண்ணாச்சி, மொட்டை மாடியிலயா கட்டுதீய, செகரட்டரிகிட்ட கேட்டாச்சா?" என்றார். அப்புறம் வீட்டுக்குள் வந்து மேஜையைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். அவரைத்தான் நேற்று இந்த ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தீர்கள். அவரை இனி கூப்பிட வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் தாராவியில் வளர்ந்தவர் என்று ஹவில்தார் சொன்னார், அதனால் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். போன தடவை நான் கொடுத்த வாக்குமூலத்தில் சில விவரங்கள் பிழை. பிழையான விவரம் ஒன்று கிடந்தால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும்.

லாசர் என்ற பெயரும் செம்பூர் விலாசமும் உங்களிடம் இருக்கின்றன. டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பம்பு, வால்வு, குழாய் என்று யாரோ யோசித்ததை வரைந்து கொடுப்பது என் வேலை. அது எங்கே போய்ப் பொருந்தியது, ஓடியதா என்று ஒன்றும் தெரியாது. ரிடையர் ஆனபின் முழுசாக ஒன்றை, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு ஜெர்மன் டாங்கியின் மாதிரியை, ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் துண்டுகளாக வரவழைத்தேன். நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் உள்ளே எல்லாம் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், குண்டு அடுக்கும் சட்டங்கள், வயர்லெஸ், ஐந்து பேர் உட்காரும் இருக்கைகள், டிரைவருக்கு முன்னால் அரிசிமணியைவிடச் சின்ன டயல்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, உரசி, வர்ணம் பூசி, இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும்.

என் மனைவி ரோஸி கேட்ட முதல் கேள்வி, "மேல மூடிட்டா உள்ள ஒண்ணும் தெரியாதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு வேலை?" என்பது. எல்லோரும் கேட்பதுதான். எனக்குத் தெரியுமே என்றேன். அவள் அதை ஒப்புக்கொண்டாள். தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சராக இருந்தவள், பிள்ளைகள் காட்டுகிற எதையும் பொறுமையாகப் பார்த்துப் பழகியவள். இடுக்கியிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்த துணுக்குகளை டார்ச் அடித்து அவள்தான் தேடிக் கொடுப்பாள். உள்ளே வைக்க ஆள் பொம்மை கிடையாதா என்று ஒருநாள் கேட்டாள். இதில் வரவில்லை என்றேன். "பாவம், காலியாவே கெடக்குமா" என்றாள்.

அவளுக்கு நுரையீரல் இறுகிப்போகிற வியாதி. முதலில் மாடிப்படி ஏற முடியவில்லை, அப்புறம் ஜெபக்கூட்டத்தில் பாட முடியவில்லை, அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கரண்ட் போனால் உதவட்டும் என்று ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வாங்கி வைத்தோம். மூக்கில் குழாய் எப்போதும் இருக்க வேண்டும், தூங்கும்போதுகூட எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிலை ஹாலுக்குக் கொண்டு வந்தோம். கரீம் பாட்சா அதன் தலைமாட்டில் தனி பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

என் மேஜையும் ஹாலில்தான். ஜன்னலைத் திறந்தால் ரோட்டு வேலைப் புழுதி வந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதனால் சாத்தியே வைத்தேன். வர்ணம் கரைக்கிற தின்னர் நெடி அவளுக்கு இருமலைக் கிளப்பியது. உடனே தண்ணீரில் கரைகிற வர்ணத்துக்கு மாறிவிட்டேன். அது அவ்வளவு நன்றாக ஒட்டாது, ஆனாலும் மாறினேன். மற்றதைக் கேட்கும்போது இதையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மிஷினுக்குத்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது ஓடும்போது தரை அதிரும், அந்த அதிர்வு மேஜைக் கால்வழியாக ஏறி தூரிகை நுனிவரை வரும். பழைய கட்டடம். கீழே ரப்பர் விரித்துப் பார்த்தேன், மெத்தை போட்டுப் பார்த்தேன். படுக்கையறைக்கு மேஜையைக் கொண்டு போயிருக்கலாமே என்பீர்கள். அங்கே வெளிச்சம் போதாது, சார்.

ஒருநாள் வயர்லெஸ் பெட்டியில் ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டியிருந்தது. எத்தனை முறை போட்டாலும் நெளிந்தது. கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ரோஸிதான் சொன்னாள்: "ஒரு கோடுதான? மிஷினை அமத்திட்டுப் போடுங்க. நான் தாங்கிக்கிடுதேன்." நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். நிறுத்தினேன், போட்டேன், திரும்ப ஓடவிட்டேன். கோடு நூல் பிடித்தமாதிரி வந்திருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். பேச முடியாமல் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் சரி என்றாள். பேசினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். அவளுடைய சிரமத்தைக் குறைக்கத்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்தாலே அவள் புரிந்துகொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் மகள் ஆனி ஞாயிற்றுக்கிழமைகளில் வாஷியிலிருந்து வருவாள். "அம்மா, உதடு ஏன் இப்படி நீலமா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். ரோஸி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாவப்பழம் தின்னேன்" என்றாள். வீட்டில் நாவல்பழம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம், வேறு என்ன.

இப்போது அந்த நாள். கீழே மீட்டர் ரூமில் மெயின் சுவிட்ச் கருகிப்போயிருந்தது. கரீம் பாட்சா வேலையைத் தொடங்குமுன் மேலே வந்து சொன்னார்: "அண்ணாச்சி, கொஞ்ச நேரம் கரண்டு இருக்காது. அக்காவுக்கு அந்தச் சிலிண்டரைத் தொறந்து வச்சிருங்க." சரி என்றேன். சொல்லவே இல்லை என்று போன தடவை எழுதிக் கொடுத்தேன். அது முதல் பிழை.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மிஷின் நின்று, கரண்ட் இல்லை என்று கத்தியது. அதன் சுவிட்சையும் அணைத்தேன். பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மேஜைமேல் கையை வைத்துப் பார்த்தேன், சார். கல்லைத் தொடுகிறமாதிரி இருந்தது. டிரைவரின் டயல்களுக்கு முள் வரைவதுதான் அப்போது பாக்கி. அதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். சிலிண்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், எட்டி நடந்தால் திறந்துவிடலாம். ஆனால் அது சீறும், குழாயை மாற்ற வேண்டும், அதற்குள் கீழே வேலை முடிந்துவிடுமே என்று தோன்றியது. உட்கார்ந்து முதல் முள்ளை வரைந்தேன். ஒரே இழுப்பில் வந்தது.

பாதியில் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. எழுந்துபோய் ஃபேனை அணைத்தேன். மிஷின் சுவிட்ச் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை.

கதவு தட்டினார்கள். "அண்ணாச்சி, கரண்டு வந்துட்டு. மிஷினு ஓடுதா?"

"ஓடுது, கரீம்" என்றேன்.

"அக்கா நல்லா இருக்காவளா?"

"அவ தூங்குதா."

அவர் படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. அப்படி வந்து கேட்டதாக அவர் உங்களிடம் சொன்னார், நான் இல்லவே இல்லை என்றேன். அது இரண்டாவது பிழை. மெயினை நேரத்தோடு போடாமல் விட்டார் என்று ஆனி புகார் கொடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சொசைட்டி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. வேறு ஆள் போட்டாயிற்று. இனி நான் என்ன சொன்னாலும் அவரைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

ரோஸி தூங்கவில்லை. நான் கதவைப் பார்த்துச் சொன்னதை அவள் கேட்டாள். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் பக்கம் கையை நீட்டினாள். இதோ ஆச்சு என்றேன். அவள் ஒருமுறை, "ஏங்க" என்று கூப்பிட்டாள். சத்தமாக அல்ல, காற்றுமட்டும் வந்தது. அப்போது எனக்கு ஒரு முள்தான் பாக்கி. தூரிகை காய்ந்துபோயிருந்தது. மறுபடி நனைத்துக்கொண்டேன்.

வேலையில் மூழ்கி அவளைக் கவனிக்கவில்லை என்று என் வக்கீல் சொல்லச் சொல்கிறார். அது சரியல்ல. கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கை கட்டிலுக்கு வெளியே தொங்கியதும், மார்பு ஏறி இறங்குவது குறைந்ததும், நின்றதும் எனக்குத் தெரியும். நின்றபிறகும் முள்ளை முடித்தேன். பிறகு தூரிகையைக் கழுவினேன். மிஷினைப் போட்டேன், அவள் மூக்குக் குழாயைச் சரி செய்தேன், ஆனிக்கு ஃபோன் செய்து, நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது என்றேன். உங்களிடமும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், அது மூன்றாவது பிழை.

ஏன் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். அவளுக்கு வெறுப்பு வரும்படி நான் ஒருநாளும் நடந்ததில்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. டாக்டரும் ரொம்ப நாள் தாங்காது என்றுதான் சொல்லியிருந்தார். அந்த முட்கள் அன்றைக்கு வரவில்லையென்றால் எனக்கு என்றைக்குமே வந்திருக்காது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

டாங்கியின் மேல்பாகத்தை அடக்கம் முடிந்த மறுநாள் ஒட்டி மூடிவிட்டேன். வேண்டுமானால் எடுத்துப் போங்கள், உடைத்தும் பாருங்கள். எனக்கு இனி அதில் வேலை இல்லை. வேறு எதிலும் இல்லை.

ஆனி வெளியே உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்க மாட்டாள். ஃபோன் வந்தபோது அவள் ரயிலில் இருந்தாளாம். அம்மா யாரும் இல்லாமல் தனியாகப் போய்விட்டாளே என்று அன்றையிலிருந்து அழுகிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள், நீங்கள் சொல்லுங்கள், சார். அம்மா தனியாக இல்லை. கடைசிவரைக்கும் அப்பா பக்கத்திலேயேதான் இருந்தார் என்று சொல்லுங்கள்.