லெமுவேலுக்கு ரெண்டு கல்லறை

நம்ம வம்சப் பெருமை பேசத்தானே இன்னிக்கு இந்த மண்டபத்துல கூடியிருக்கோம்? நல்லது... பேசுவோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சம்பவம், காது கொடுத்துக் கேளுங்க. அமெரிக்காவுல என் மக வீட்டுக்குப் போயிருந்தப்ப, சம்பந்தப்பட்டவரே எங்கிட்ட சொன்னது.

அங்க அயோவா மாநிலத்துல ஒரு விவசாயி. பேரு வெண்டெல். அவரோட கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா, லெமுவேல்... வெறும் புல்லுக்காடாக் கெடந்த இடத்துல முதல்ல வந்து ஏர் பூட்டின மனுஷன். ஊருக்குச் சர்ச் கட்டினவர். குடும்பமே கும்பிடாத குறை.

ஆனா வெண்டெலுக்கு ஒரே குடைச்சல். இவர் எங்கிருந்து வந்தார்? யாருக்கும் தெரியலை. கல்லறையில 'டென்னசியில் பிறந்தவர்'னு இருக்கு, அது தெக்கே தூரத்துல இன்னொரு மாநிலம்... அவ்வளவுதான். மனுஷனுக்குச் சோறு இறங்கலை, ஒரு இடத்துல உட்கார முடியலை. அறுப்பு முடிஞ்சதும் காரை எடுத்தார். டென்னசியில ஊர் ஊரா, கல்லறைத் தோட்டம் தோட்டமா அலைஞ்சார்.

ஒரு மலையடிவார ஊர்ல... அப்படியே நின்னுட்டார். லெமுவேல். அதே பேரு, அதே பிறந்த வருஷம், அவருக்கு ஒரு கல்லறை. அயோவாவுல புதைச்ச ஆளுக்கு இங்க எப்படிங்க கல்லறை?

பக்கத்துல ஒரு அம்மா புல்லு பிடுங்கிக்கிட்டிருந்தாங்க. ஐடெல்லான்னு பேரு, இவர் வயசுதான். அவங்களைக் கேட்டார்.

"எங்க முன்னோர்தாங்க. மேற்கே நிலம் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு பொண்டாட்டி பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டுப் போனார். வரலை. வழியில செத்துட்டார்னு நினைச்சு அவர் சம்சாரம் கெசியா கல்லு நட்டா. உள்ள யாரும் இல்லை."

வெண்டெலுக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. போய்க் கார்ல ஏறிட்டார். கொஞ்ச தூரம் போனார்... ஓரமா நிறுத்தினார்... மறுபடி கிளப்பினார்... மறுபடி நிறுத்தினார். சொன்னா தன் குடும்பப் பெருமை போச்சு. சொல்லாம போனா? இந்தம்மா இன்னும் வெறும் மண்ணுக்குப் புல்லு பிடுங்கணுமா?

திருப்பினார் காரை.

"அம்மா... அவர் வழியில சாகலை. எங்க ஊர்ல இன்னொரு கல்யாணம் பண்ணி, கிழவனாகித்தான் செத்தார். நான் அந்த வழியில வந்தவன்."

ஐடெல்லா கையில இருந்த புல்லைக் கீழ போட்டாங்க. அப்புறம் சொன்னாங்க... "கெசியா சாகிற வரைக்கும் விதவைன்னு கறுப்புத் துணிதான் உடுத்தினா." கையில ஒட்டின மண்ணைத் தட்டிட்டு, "அப்போ நீங்க எனக்குச் சொந்தம். ஆனா இன்னிக்கு என்னைச் சிரிக்கச் சொல்லாதீங்க."

ஊருக்குப் போய் வெண்டெல் எல்லார்கிட்டயும் சொன்னார். கூடப்பிறந்த தம்பி கேட்டான், "செத்தவரை ஏன்ணே கிளறுறே?" பாதிக் குடும்பம் அவரோட பேச்சையே நிறுத்திடுச்சு.

ஆனா அடுத்த கோடையில ஐடெல்லா அயோவாவுக்கு வந்தாங்க. லெமுவேல் கல்லறை முன்னாடி நின்னாங்க. பூ வைக்கலை. திட்டவும் இல்லை. "கெசியா"ன்னு அந்தப் பேரை மட்டும் சத்தமாச் சொன்னாங்க. சொல்லிட்டு, வெண்டெல் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்தாங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாமளும் பேசுறோமே... எங்க பாட்டன் ரங்கூன் போனார், சிலோன் போனார், பெரிய ஆளா வந்தார்னு. போனவர் பேரு நமக்கு மனப்பாடம். அவர் விட்டுட்டுப் போனாரே ஒருத்தி... அவ பேரு தெரியுமா? அவ பெத்த பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா? தெரியலைன்னா, நாம இங்க மேடை போட்டுப் பேசுறது பாதி வம்சத்தைப் பத்திதான்.

வீட்டுக்குப் போய்க் கேளுங்க. கேட்டா மனசு நிம்மதியா இருக்காது... இருக்க வேணாம். கேளுங்க.