தொழுவத்துப் பக்கம் கேட்ட குரல்

ஓடுகிறேன். இடுப்பில் மகள். முதுகுக்குப் பின்னால் நாட்டு வெடிகுண்டு. டமார். பிறகு ஓடு நொறுங்கும் சத்தம்.

"ஏட்டி, பருத்திக்குள்ள போ! நிக்காத!"

என் வீட்டுக்காரர் கத்துகிறார். செடிகளுக்குள் விழுந்து படுத்தேன். மகளின் வாயைப் பொத்தினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி. சோழபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. சாதிச் சண்டை. கிழக்குத் தெருவே திரண்டு வந்தது. கட்டிக் கிடந்த கன்றை அவிழ்த்துவிட அவர் வீட்டுக்குள் திரும்பினார். முன்வாசலில் தீ. அப்போது தொழுவத்துப் பக்கம் ஒரு குரல்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க! இங்க ஒருத்தருமில்ல!"

சீனிச்சாமி. கிழக்குத் தெருக்காரன்தான். ஆனால் ராஜபாளையம் மில்லில் அவரோடு ஒரே ஷிப்ட். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவன். நம்பிப் போனார். அங்கே அரிவாளோடு நின்றார்கள்.

போலீஸில் சொன்னேன். "கண்ணால பாத்தியா?" என்றார்கள். பார்க்கவில்லை. கேட்டேன். அது போதாதாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோவில் வாசலில் மண்ணை வாரித் தூற்றினேன். நீயே கேள் தாயே என்று அழுதேன். வேறு யாரிடம் போவது?

பங்குனியில் சீனிச்சாமி அங்கே பூக்குழி இறங்கினான். இறங்கிய காலோடு என் முன்னால் வந்து நின்றான். மஞ்சள் வேட்டி. மொட்டைத் தலை.

"மதினி, நாந்தான் கூப்பிட்டேன். 'ஏலே, கூப்பிடு'ன்னு கழுத்துல அருவாள வச்சாங்க. அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மனா தாலிய அறுத்தா? கோர்ட்டும் இதே ஊர்லதான் இருக்கு. அங்க போயி சொல்லு."

போனான். கூண்டில் ஏறினான். தான் செய்ததைச் சொன்னான். எல்லாப் பெயரையும் சொன்னான். கூடப்பிறந்த அண்ணன் பெயரையும் விடவில்லை. மற்றவர்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார்கள். பெரிய வக்கீல் வைத்தார்கள். அவன் பேச்சு ஒன்றை வைத்து அவர்களைத் தண்டிக்க முடியாதாம். விடுதலை. ஒத்துக்கொண்டவனுக்கு ஆயுள். அவன் பெண்டாட்டியைக் கிழக்குத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை. சிறையிலேயே காய்ச்சலில் செத்தான்.

இதுவா உன் நீதி, தாயே? இன்னும் கேட்கிறேன். இன்னும் அவளிடம்தான் கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

போனவை இவை. என் வீட்டுக்காரர். பெயர் பரமசிவம். அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. வீடு. கன்று. மகளின் தூக்கம். செய்ததைச் செய்தேன் என்று சொல்லக் கிழக்குத் தெருவில் இருந்த ஒரே ஆள்.

விடுதலையானவர்கள் அத்தனை பேரும் நலம். இந்தப் பங்குனியில் குடும்பத்தோடு பால்குடம் எடுத்தார்கள்.