ஏழாம் நம்பர் செல்

— இன்னொரு தடவை பத்த வைங்க.

— பொறி வருது, தீ நிக்க மாட்டேங்குது. லைட்டர் புதுசுடி.

— லேப்ல நெருப்பு வேண்டாம்னா கேக்குறீங்களா?

— கரைசல் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. பொண்டாட்டி கலக்குன எலக்ட்ரோலைட்டுல மெக்னீசியம் பேட்டரி நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியிருக்கு. ஒரு மெழுகுவர்த்தி ஏத்தக் கூடாதா?

— ம்...

— என்ன ம்? யாரு எதை ஊத்தினாலும் மெக்னீசியம் மேல ஏடு படிஞ்சு ஆட்டம் க்ளோஸ். உன்னோடதுல மட்டும்தான் படியலை.

— ஐஸ் வெச்சது போதும். ஆமா... அந்த ஏழாம் நம்பர் செல்லை ரேக்ல காணோமே?

— அது... பத்திரமா இருக்கு.

— அந்தக் கையுறையைப் பாருங்க.

— எதை?

— பெட்டியில மாட்டியிருக்கிற ரெண்டையும். உள்ளேருந்து யாரோ கை நீட்டுற மாதிரி விறைச்சுக்கிட்டு...

— உள்ள அடைச்சிருக்கிற ஆர்கான் வாயு அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கும். பேய்னு நெனச்சியா?

— உஸ்ஸுனு ஒரு சத்தம். கேக்கலை?

— வந்ததுலேருந்து கேக்குது. பம்ப்பா இருக்கும்.

— எனக்குக் கண்ணு சொக்குது.

— பாப்பா ராத்திரி தூங்க விட்டாத்தானே.

— இது அந்தத் தூக்கம் இல்லைங்க. விரல் மரத்துப்போச்சு. உங்க உதடு ஏன்... நீலமா இருக்கு?

— உன்னோடதும்தான். புதுச் சாயம்னு நெனச்சேன்.

— ஆர்கான் கசிஞ்சா வாசனையே தெரியாது, ஆக்சிஜனைத் தள்ளிடும்பீங்களே...

— கசிஞ்சிருந்தா சுவர்ல அலாரம் கத்திக் கட்டடத்தையே கூட்டியிருக்கும். அறையில ஆக்சிஜன் கொஞ்சம் குறைஞ்சாலே கத்துமே.

— ஆமா. கத்தலை... அப்ப காத்து சரியாத்தான் இருக்கு.

— அந்த அலாரம்...

— ஏன் முழிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. வா, வெளிய போயிடலாம்.

— கால் வரலை. நீங்க போய்க் கதவைத் திறங்க.

— எழுந்துட்டேன்னுதான் நெனச்சேன்... இன்னும் உக்காந்துதான் இருக்கேன்.

— யாரையாவது கூப்பிடுங்க.

— ஞாயித்துக்கிழமை. ஈ காக்கா இல்ல.

— பாப்பா உங்க அக்கா வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாளே.

— தெரியும்... தெரியும்டி.

— அலாரத்துல பச்சை விளக்கு எரியுமே. எங்க அது?

— திட்டாதே. நேத்து அதோட பேட்டரியைக் கழட்டிட்டு நம்ம ஏழாம் நம்பரை மாட்டினேன். உனக்குச் சொல்லாம... இன்னைக்குக் காட்டி அசத்தலாம்னு. பச்சையாத்தான் எரிஞ்சுது. நூறு தடவை ஓடின செல், எப்படி அணையும்?

— என்னங்க...

— சொல்லு.

— பயமா இருக்குங்க.

— எனக்கும்தான். சொல்லுடி.

— ஏழாம் நம்பர் பத்தாவது தடவையிலேயே செத்துப்போச்சு. ஏடு படிஞ்சிடுச்சு. ஓய்வு கொடுத்தா கொஞ்ச நேரம் முழிச்சுக்கும், அப்புறம் படுத்துடும். உங்க முகம் வாடிடுமேன்னு... நூறுன்னு சொன்னது நான்தாங்க.