கோவிந்தராசு, மீதி ஒன்றரை

ஓர் ஆயுளின் விலை எண்பத்தெட்டு வெள்ளி. நான் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கியர் எண்ணெய் டின்னில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான்கு லிட்டர், ஆயுள் முழுவதற்கும் போதும். யாருடைய ஆயுள் என்று போடவில்லை. எண்ணெய்க்கடையில் பிறந்து வளர்ந்தவன், இந்த மாதிரி வாசகம் எனக்குப் பிடிக்கும். பேசிப் பேசி எண்பத்திரண்டுக்கு வாங்கினேன்.

முதல் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வீடமைப்புக் கழகக் கார் நிறுத்துமிடத்தில் வண்டி பழுது பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். செங்காங்கில், என் தங்கை சந்திரமதியின் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில், கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில். அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, தரையில் ஒரு சொட்டு விழாமல். அபராதம் உண்டென்றால் கட்டிவிடுகிறேன்.

தானாகக் கியர் மாறும் வண்டியின் கியர்பெட்டிக்குள் சிவப்பாக ஓர் எண்ணெய் ஓடும். பழசானால் கறுத்துவிடும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். மாற்றுவது பெரிய வித்தையில்லை. அடியில் இருக்கும் திருகைக் கழற்றி வடியவிட வேண்டும். வடிந்ததை அளக்க வேண்டும். எவ்வளவு வடிந்ததோ அவ்வளவு புதுசு ஊற்ற வேண்டும். என் வேனுக்கு மூன்று முறை நானே செய்திருக்கிறேன். அளவு மட்டும் தவறக் கூடாது. அளவென்றால் சிராங்கூன் ரோட்டில் யாரைக் கேட்டாலும் என்னைத்தான் கை காட்டுவார்கள்.

கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள் என்று திருத்திக்கொள்ளுங்கள். போன தீபாவளி வரைக்கும்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பஃப்ளோ ரோட்டில் எங்கள் கடைப் பலகையில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அப்பா காலத்திலிருந்து ஊர் வைத்த பெயர் ‘அளவுக்கடை’. விளக்குக்கு நல்லெண்ணெய் வாங்க வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. அப்பா விட்டுப்போன எவர்சில்வர் லிட்டர் குவளையில்தான் அளந்து ஊற்றுவேன். குவளையின் அடியில் உள்பக்கமாக ஒரு நசுங்கல். அதிர்ஷ்டம் என்று யாரும் தட்டி எடுக்கவில்லை.

தங்கையின் கணவர் கோவிந்தராசு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து என் கடையில் உட்கார்ந்து இலவசமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். தீபாவளிக் கூட்டத்தில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, பையிலிருந்து கோடு போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்தார்.

“மச்சான், ஒரு குவளை ஊத்துங்க பார்ப்போம்.”

ஊற்றினேன். ஜாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

“அம்பது மில்லி கம்மி லா மச்சான். இத்தனை வருஷமா ஆள் பார்க்காம டிஸ்கவுண்ட் குடுத்திருக்கீங்க, உங்களுக்கே.”

முன்வரிசையில் நின்ற மரியம்மாள், அப்பா காலத்து வாடிக்கையாளர், “அதான பார்த்தேன், எங்க வீட்டு விளக்கு மட்டும் ஏன் சீக்கிரம் அணையுதுன்னு” என்றார்.

கடையே சிரித்தது. அன்று எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் நான். மாப்பிள்ளை எல்லோருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அடுத்த வாரம் மரியம்மாள் கோடு போட்ட குழந்தைப் பால்புட்டியோடு வந்தார். அதற்கடுத்த வாரம் எதிர்ப்பக்கத்துப் பூக்கடைக்காரன், “என்ன அம்பது, சாப்டாச்சா?” என்றான். பொங்கலுக்குள் அளவுக்கடை ‘அம்பதுகடை’ ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடி ஜாடியில் பிழை இருக்கலாம் என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளையிடம் நயமாகத்தான் கேட்டேன். மரியம்மாள் இருக்கும்போது கடைக்கு வந்து, ஜாடியில்தான் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும் என்றேன்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா மச்சான்? புதுக் குவளை பதினஞ்சு வெள்ளி. நானே வாங்கித் தரேன்.”

பதினைந்து வெள்ளி. அப்பாவின் குவளைக்கு.

அந்தச் சமயத்தில்தான் அவர் கார் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பட்டறையில் நானூறு கேட்டார்கள். எண்ணெய்க் காசு மட்டும் கொடுங்கள், நானே மாற்றித் தருகிறேன் என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கறிபஃப் தின்றுகொண்டிருந்தார். வடிந்தது நான்கு குவளை. ஆமாம், கடைக் குவளையைத்தான் கொண்டுபோயிருந்தேன். டின்னைத் திறந்து ஒன்று ஊற்றினேன், இரண்டு ஊற்றினேன், அரை ஊற்றினேன். நிறுத்தினேன். வியாபாரி கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்ப்பான் இல்லையா.

“மாப்பிள்ள, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறீங்களா?”

“இன்னும் அதையேவா நினைச்சுட்டு இருக்கீங்க? ஊத்துங்க மச்சான். உங்க குவளை வேற, ஒண்ணு கூடவே போட்டு ஊத்துங்க.”

மூடியைத் திருகிவிட்டேன்.

“முழுசும் ஊத்தியாச்சா?” என்றார்.

“நாலும் ஊத்தியாச்சு. எங்க கடை அளவு.”

“அதான் பயமா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே டின்னுக்கான காசை எண்ணிக் கொடுத்தார். எண்பத்தெட்டு. ஆறு வெள்ளி என் கூலி.

திங்கட்கிழமைதோறும் அவரும் தங்கையும் சாமான் வாங்க உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டி ஜொகூர் போவார்கள். அந்தத் திங்கட்கிழமை மட்டும் தங்கையைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன், சரக்கு எண்ண வேண்டும் என்று. எண்ண ஒன்றும் இல்லை. தங்கை மேல் எனக்கு உயிர் மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் குறைந்த கியர்பெட்டி உடனே நின்றுவிடாது. சூடேறி, நுரைத்து, அப்புறம்தான் பிடியை விடும். செங்காங்குக்கும் உட்லண்ட்ஸுக்கும் நடுவில் விடும் என்று நினைத்தேன். சிலேத்தார் விரைவுச்சாலையில், வலது ஓரத் தடத்தில் விட்டது. அவர் மிதித்துக்கொண்டே இருந்திருப்பார், வண்டி நகர்ந்திருக்காது. பின்னால் வந்த சிமெண்ட் லாரியை நான் அனுப்பவில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு அந்தச் சாலை லாரி இல்லாமல் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை பாருங்கள்.

மறைக்கத் தெரிந்தவன் என்றால் அந்த டின்னை அன்றைக்கே எறிந்திருப்பேன். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் காசு கொடுத்த பொருளில் மீதி இருந்தால், பெயர் எழுதி அலமாரியில் வைப்போம், கேட்கும்போது கொடுப்போம். ‘கோவிந்தராசு, மீதி 1½’ என்று சீட்டெழுதி ஒட்டி வைத்தேன். கை தானாக எழுதியது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று கடைக்கு வந்த சந்திரமதி அலமாரியைத் துடைத்தாள். சீட்டை இரண்டு முறை படித்தாள்.

“நாலும் ஊத்தியாச்சுன்னு அவர்கிட்ட சொன்னீங்களாமே, அண்ணே?”

டின்னையும் குவளையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அடுத்தவர் பொருளை நான் எப்படி மேடம் கீழே கொட்டுவேன்? அது அவளுக்குப் புரியவில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். வடித்தது நான்கு. ஊற்றியது இரண்டரை. மீதி ஒன்றரை. ஆனால் உங்கள் ஆட்கள் அளந்தபோது டின்னில் ஒரு லிட்டர் அறுநூற்று இருபத்தைந்து மில்லி இருந்தது என்றீர்கள். குவளை தொள்ளாயிரத்து ஐம்பதுதான் பிடிக்கிறது என்றும் என்னவோ சொன்னீர்கள், அதை விடுங்கள். சீட்டில் எழுதியதற்கு மேலேயே மாப்பிள்ளைக்கு நூற்று இருபத்தைந்து மில்லி வைத்திருக்கிறேன். அளவு குறைகிற கடையில் எப்படி, மேடம், மீதி கூடும்?