பிள்ளைக்காம்பராக் கண்ணாடி

பதுளையிலிருந்து நமுனுகுல போகும் பஸ்ஸில், பாறைக்கு வெடி வைப்பவர் ஒருவரும், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவரும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"நேத்து நான் வெச்ச வெடிக்கு, காத்து கம்மியா இருந்ததாலதான் ஒங்க பிள்ளைக்காம்பரா ஜன்னல் தப்பிச்சுச்சு அக்கா."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"கீழ மொனராகலையில இதே அளவு வெடிமருந்துக்குக் கண்ணாடியெல்லாம் நொறுங்கிப்போச்சு. இங்க மலையில காத்து லேசு, வெடி அந்தளவுக்கு வேகமா வந்து மோதாது. ஆனாலும் நேத்து ஒரு கண்ணாடியும் ஒடையலைன்னு கேட்டப்புறந்தான் சோறு எறங்குச்சு."

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"காத்து லேசோ என்னமோ. நேத்து காலையில ஆள் கூட்டி வேல பிரிக்கிற பெரட்டுல கங்காணி வெடின்னு சொன்னதுமே பிள்ளைங்கள கோயிலுக்கு அனுப்பிட்டு, அத்தன ஜன்னலையும் தெறந்து போட்டது நாந்தான் தம்பி."