யார் பாடிய ஈரக்குடை?

— ஐயய்யோ, போச்சு! பெட்டியே சரிஞ்சு விழுந்துடுச்சு! அத்தான், அத்தனை ரெக்கார்டும் தரையிலே!

— டேய் தம்பி! அங்கே என்னடா, வீடே இடிஞ்ச மாதிரி சத்தம்?

— ஒண்ணுமில்லேக்கா! அலமாரி மேலே இருந்த பாட்டுப் பெட்டி. நீ வராதே, அடுப்பைப் பாரு... அத்தான், உங்களைத்தான். அத்தான்! தோளைத் தொட்டாத்தான் திரும்புவீங்களா? முதுகுக்குப் பின்னாலே இடி விழுந்தாலும் அசைய மாட்டேங்கறீங்களே.

— நீ போட்டு உடைக்கிறதுக்கெல்லாம் திரும்பினா, இந்த அம்பது வருஷத்திலே என் கழுத்து முறுக்கிக்கிட்டிருக்கும் மாப்ளே. எத்தனை போச்சு?

— ரெண்டு. ரெண்டுமே உங்க ‘ராத்திரி ரயில்’ குழுவோடது.

— குறி பாத்துத் தள்ளியிருக்கே.

— சத்தியமா இல்லே அத்தான். உறையெல்லாம் தனியா, ரெக்கார்டெல்லாம் தனியா சிதறிக் கிடக்கு. அள்ளிப் போடறேன்.

— இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்து பேசு. அந்த மீசையைக் கத்தரிக்கச் சொல்லி நாலு நாளா தலையிலே அடிச்சுக்கறேன். துணி வெட்ற கத்திரி கடையிலே இருக்கில்லே?

— நாளைக்குக் காலையிலே உங்களுக்கு ஆபரேஷன். என் மீசையா இப்ப முக்கியம்? ஒரு காது போன வருஷமே போச்சு. நாளைக்கு இந்தக் கட்டியை எடுத்தா மிச்சம் இருக்கிற காதும் போயிடும்னு டாக்டர் சொன்னதிலேருந்து எனக்கு மிஷின்லே உக்காரவே முடியலே. நேத்து ஒருத்தர் பேண்ட்டுக்கு ரெண்டு காலையும் சேத்துத் தச்சுட்டேன்.

— நல்லா பாத்தியா? அது அவருக்குப் பொருந்தியிருக்கும்.

— சிரிக்காதீங்க அத்தான். கடைசியா என்ன கேக்கணும், சொல்லுங்க. அதுக்குத்தான் கடையைச் சாத்திட்டு வந்தேன்.

— வேறென்ன, ‘ஈரக்குடை’தான். ராத்திரி ரயில் பாடினது.

— சாகற வரைக்கும் திருந்த மாட்டீங்க. அறுபத்தாறுலே ரெண்டு குழுவும் ஒரே மாசத்திலே அந்தப் பாட்டை வெளியிட்டாங்க. உங்க ஆளுங்க அவசரத்துக்கு ஓட்டுத்தையல் போட்ட மாதிரி ரெண்டே நிமிஷத்திலே முடிச்சானுங்க. எங்க ‘உப்புக்காத்து’ அளவெடுத்து, வெட்டி, பொத்தான் வரைக்கும் பாத்துப் பாத்துத் தச்சுக் கொடுத்தான்.

— நாலரை நிமிஷம்! அவன் பாடி முடிக்கிறதுக்குள்ளே குடை காஞ்சு, மடிச்சு, அலமாரியிலே வச்சுடலாம்.

— காதலி வரலே, மழையிலே ஒருத்தன் நிக்கறான். அதை ஓடிக்கிட்டேவா பாடறது? உங்க டிரம்ஸ்காரன் அடிக்கிற அடியிலே அவ வந்திருந்தாலும் திரும்பி ஓடியிருப்பா.

— டேய், அந்த டிரம்ஸ்தான்டா அவன் நெஞ்சு அடிக்கிற சத்தம்! நான் ரெக்கார்டிங் ரூம்லே முப்பது வருஷம் உக்காந்தவன். அடுத்த தெருவிலே ஓடினாக்கூட ரெண்டாவது அடியிலேயே சொல்லுவேன், இது ரயிலா காத்தான்னு.

— கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரயில், பொண்ணு வீட்டுக்காரங்க காத்துன்னு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு, அக்கா தனியா உக்காந்து சாப்பிட்டா.

— அவளுக்கு எது பிடிக்கும்னு அன்னிக்கும் கேக்கலே. சரி, ரயிலைப் போடு.

— இதோ, ராத்திரி ரயில் உறை. எடுத்துட்டேன்... வச்சுட்டேன்... சுத்துது.

— ஆஹா! பாத்தியாடா! ஆரம்பத்திலேயே எப்படி இறங்கறான் பாரு! அந்த டிரம்ஸ்... ரயில் வீட்டுக்குள்ளேயே வந்து நிக்குது!

— அத்தான்.

— பேசாதே. இந்த இடத்தைக் கெடுக்காதே.

— அத்தான், என்னைப் பாருங்க. விழுந்ததிலே உறை மாறிப் போச்சு. இப்ப பாடறது உப்புக்காத்து. இதிலே டிரம்ஸே கிடையாது. வெறும் வயலின்தான் போயிட்டிருக்கு.

— கதவைச் சாத்து மாப்ளே.

— சாத்திட்டேன். என்ன அத்தான் இது? ஆபரேஷன் நாளைக்குத்தானே?

— காது அதுவரைக்கும் காத்திருக்கலே. செவ்வாய்க்கிழமை பல் தேச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு குழாய் நின்னுபோச்சுன்னு நெனச்சேன். குனிஞ்சு பாத்தா தண்ணி கொட்டிக்கிட்டிருக்கு.

— நாலு நாளாவா! அப்ப இவ்வளவு நேரம் எனக்குச் சரிக்குச் சரி பதில் சொன்னது?

— ரெக்கார்டிங் ரூம்லே எனக்கும் பாட்டுக்காரங்களுக்கும் நடுவிலே கண்ணாடி. மைக்கை அணைச்சுட்டு என்னைத் திட்டுவானுங்க. உதட்டைப் பாத்தே அத்தனையும் படிச்சுடுவேன். உன் மீசைதான் பாதி எழுத்தை முழுங்குது.

— அக்காவுக்குத் தெரியுமா?

— தெரியாது. தெரியவும் கூடாது. டாக்டருக்கும் எனக்கும் உனக்கும் மட்டும்தான்.

— ஏன் அத்தான்? அவகிட்டே போயா மறைக்கறது?

— ஒரு மாசமா உங்கக்கா குளியலறையிலே குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு ஈரக்குடை பாடிப் பழகறா. தண்ணிச் சத்தத்திலே எனக்குக் கேக்காதுன்னு அவளுக்கு நெனப்பு. திங்கக்கிழமை வரைக்கும் கேட்டேன். கடைசியா என் காதிலே விழறது அவ குரலா இருக்கணுமாம், போன்லே யார்கிட்டேயோ சொல்லிக்கிட்டிருந்தா. இன்னிக்கு மத்தியானம் பாடப்போறா. நீ பிந்திட்டேன்னு அவகிட்டே நான் எப்படிடா சொல்லுவேன்?

— ஐயோ அத்தான்...

— அழுது காட்டிக் கொடுத்துடாதே. அவ முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தாப் போதும், சமாளிச்சுடுவேன்.

— ஏன்டா தம்பி, பட்டப்பகல்லே கதவைச் சாத்திக்கிட்டு என்ன ரகசியம்? ரெக்கார்டை நிறுத்துங்க ரெண்டு பேரும். என்னங்க, உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன். எனக்கென்ன தெரியும், உங்களை மாதிரி சங்கீத ஞானமா? சிரிக்கக் கூடாது.

— சிரிக்க மாட்டேன்மா.

— இப்படிக் கண்கொட்டாமப் பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கும். கண்ணை மூடிக்கிட்டாத்தான் பாடுவேன்.

— பாத்துக்கிட்டே கேக்கறேனே.

— முடியாது. கண்ணை மூடணும். இருங்க, அடுப்பை அணைச்சுட்டு வரேன்.

— அத்தான், என்ன பண்ணப் போறீங்க? கண்ணையும் மூடிட்டா?

— நீ என் பின்னாலே வந்து நில்லு. தோள்லே கை வச்சுக்க. அவ பாடி முடிச்சதும் அழுத்து. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன். அழுத்தறதை மட்டும் மறந்துடாதே.

— சரி அத்தான்.

— வந்துட்டேன். தம்பி, நீயும் அங்கேயே நில்லு. ம், மூடிக்கிட்டாரு. பாரேன், ஊசி போட்டுக்கப் போற குழந்தை மாதிரி.

— பாடுக்கா.

— இருடா. அம்பது வருஷமா ரயிலா காத்தான்னு அடிச்சுக்கிட்டீங்க. ரயிலோட ஓட என்னாலே முடியாது. காத்து மாதிரி இழுக்கவும் மூச்சு இல்லே. நடந்து போற வேகத்திலே எனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன். ரெண்டு பேரும் திட்டக் கூடாது.

— திட்ட மாட்டோம். பாடுக்கா.

— பாட்டு வரலேடா. தினமும் வந்துச்சு. இப்ப முதல் வார்த்தையே வரமாட்டேங்குது. இவர் கேக்கப்போற கடைசிப் பாட்டுன்னு நெனச்சாலே... டேய், நீ ஏன்டா இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழறே? அவர் தோளை விடு. நீ அழுத்திப் புடிக்கிற புடியிலே அவரும் சேந்து ஆடறாரு பாரு!

— அக்கா... என்னாலே முடியலேக்கா...

— அடடா! அடடா! போதும்மா, இது போதும் எனக்கு! மாப்ளே, ரயிலும் தோத்துது, காத்தும் தோத்துது. முதல் வார்த்தையிலேருந்து கடைசி வரைக்கும் ஒரு இடம் பிசகலே. நாளைக்கு யார் வேணா என்ன வேணா வெட்டி எடுத்துக்கட்டும். இந்தக் குரல் உள்ளேயே கிடக்கும். கண்ணைத் திறக்கலாமாம்மா?

— என்னங்க... நான் இன்னும் பாடவே ஆரம்பிக்கலையே.