ஆற்றங்கரைக் கையாப்புடையை வெட்டலாமா?

அவைத்தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நகர் நலச்சங்கத் தலைவர் ஐயா உத்திராபதி அவர்களே! மேகம் மிரட்டியும் நாற்காலியை விட்டு நகராத முதலியார்பேட்டைப் பெரியோர்களே! பாலம் கடந்து வந்திருக்கும் அரியாங்குப்பத்து நண்பர்களே! மீன்கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் வீராம்பட்டினத்துத் தாய்மார்களே! கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் இந்தக் கார்குழலியின் கைகூப்பிய வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும்.

இது விழா மேடை அன்று, வழக்கு மேடை. ஆற்றங்கரையில் வரிசையாய் நிற்கும் கையாப்புடை மரங்களை வெட்டுவதா, விடுவதா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம். "வெட்டுங்க!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. வெட்டலாம் தம்பி. வெட்டுவதற்கு முன் கொஞ்சம் கேட்டுவிட்டு வெட்டலாம்.

காகிதக்கட்டு உரிவதுபோல் பட்டை உரியும் மரம். கசக்கினால் மூக்கைத் துளைக்கும் இலை. மலாய்க்காரர்கள் இதை வெள்ளை மரம் என்கிறார்கள். அந்த மரம் என்ன குற்றம் செய்தது? என்ன நன்மை செய்தது? இரண்டையும் ஒளிக்காமல் சொல்லவே வந்திருக்கிறேன்.

சென்ற கார்த்திகை வெள்ளத்தை மறந்தவர் இங்கே உண்டா? அன்று காலை நம் ஆற்றங்கரை ராஜவேல், வீராம்பட்டினத்தில் இருக்கும் மாமனாரை அழைத்து வரத் தம் லோடு ஆட்டோவில் போயிருந்தார். கரையோர வீட்டில் அவர் மனைவி சுலோசனாவும், நடை பழகும் மகன் நிலவனும் மட்டும். மேலே ஏரிகள் நிரம்பி வழிய, கீழே கடல் எதிர்த்து நிற்க, நடுவில் ஆறு எங்கே போகும்? வீட்டுக்குள் வந்தது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினாள் சுலோசனா. பாதி வழியில் தண்ணீர் காலை வாரியது. கைக்கு அகப்பட்டது ஒரு கையாப்புடை. அதைக் கட்டிப்பிடித்தாள். முந்தானையால் பிள்ளையை மரத்தோடு சேர்த்துக் கட்டினாள். அவள் கண்ணெதிரே பெரிய தூங்குமூஞ்சி மரமொன்று வேரோடு பெயர்ந்து மிதந்து போனது. அடுத்தது இதுவா? அடுத்தது இதுவா? ஒவ்வொரு அலைக்கும் அவள் நெஞ்சு கேட்டது. மரம் நடுங்கியது, சாயவில்லை. நண்பகலுக்குப் பின் மீனவர் படகு வந்து தாயையும் பிள்ளையையும் மீட்டது.

ஏன் சாயவில்லை? நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் பல மரங்களுக்கு வேர் மூச்சுத் திணறும், அழுகும், பிடி தளரும். கையாப்புடையோ சதுப்பில் பிறந்த மரம். வெள்ளம் சூழ்ந்தால் அடிமரத்திலிருந்தே புதுவேர் விட்டு மூச்சு வாங்கும். உப்பு ஏறினாலும் தாங்கும்; நெருப்புப் பட்டாலும் பல வேளை மறுபடி துளிர்க்கும். நம் கரைக்கு இதைவிடக் காவல் வேண்டுமா?

கை தட்டாதீர்கள். கதையின் கசப்பான பாதி இனிமேல்தான்.

நிவாரண முகாமில் பிள்ளைக்குச் சளி. மூக்கடைத்து அழுதான். பக்கத்து வீட்டு அன்னக்கிளி, தம் மூட்டுவலிக்குத் தேய்க்கும், இதே மரத்து இலையில் வடித்த கையாப்புடைத் தைலத்தை எடுத்து வந்தார். அன்பால்தான் வந்தார். பிள்ளையின் மூக்கில் தடவினார். தேனில் குழைத்து நாக்கிலும் வைத்தார். சிறிது நேரத்தில் பிள்ளையின் தலை துவண்டது.

"யக்கா, புள்ளைக்குக் கண்ணு சொருவுதுக்கா! மூச்சு ஒருமாதிரி இழுக்குது!" என்று அலறினாள் சுலோசனா.

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார்: "புள்ளைக்கு என்ன குடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

அன்னக்கிளி மறைக்கவில்லை. சீசாவை நீட்டி, "நான்தாம்மா குடுத்தேன்" என்றார்.

"இது மேல தேய்க்கிறதும்மா. உள்ள போனா புள்ளைக்கு விஷம்."

அவர் உண்மையைச் சொன்னதால் தாமதமின்றிச் சிகிச்சை நடந்தது. பிள்ளை பிழைத்தான். அன்னக்கிளியை யாரும் இங்கே முறைக்க வேண்டாம்.

ஆனால் பெற்றவன் நெஞ்சு ஆறுமா? பிள்ளையோடு வீடு திரும்பிய மறுநாளே ராஜவேல் கோடரியோடு ஆற்றங்கரைக்குப் போனார். முதல் வெட்டு விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தாள் சுலோசனா.

"நவுரு! எம்புள்ளைய கொல்லப் பாத்த மரம் இது!"

"நீ நிறுத்துய்யா மொதல்ல! அம்மாந்தண்ணி வந்தப்ப நீ எங்க இருந்த? இதுதான் எங்கள புடிச்சிக்கிட்டு நின்னுச்சு!"

ராஜவேலின் கை அந்தரத்தில் நின்றது. கோடரியைக் கீழே போட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதார். அவர் விட்ட கோடரியைத்தான் இப்போது ஊர் எடுத்திருக்கிறது. "விஷமரம், வேரோடு வெட்டு" என்று தெருத்தெருவாய்ப் பேச்சு!

பெரியோர்களே, மரமா பிள்ளையின் வாயில் ஊற்றியது? வளர்ந்தவர் வலித்த இடத்தில் அளவாய்த் தேய்த்தால் அது மருந்து. குடித்தால் கேடு. குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாலே ஆபத்து. அறியாமையை வெட்டாமல் அடிமரத்தை வெட்டினால், அடுத்த வெள்ளத்தில் எதைப் பிடிப்போம்? எந்தத் தாய் எதில் முந்தானையைக் கட்டுவாள்? வீடுவீடாய்ச் சென்று எச்சரிக்கை சொல்வோம், நானும் வருகிறேன். கரையைக் கரையாக இருக்க விடுவோம்!

யார் எழுந்து நிற்பது? ராஜவேலா? பேசுங்கள், சத்தமாகவே பேசுங்கள்.

"டீச்சர்... நான் வெட்டுன எடம் இன்னும் வாயப் பொளந்துக்கினு கெடக்குது. அது மூடிக்குமா?"

கேட்டீர்களா? வெட்டியவரே கேட்கிறார்!

மூடும், ராஜவேல். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்ப் புதுப்பட்டை வளர்ந்து மூடும். அதுவரை அதை நிற்க விட வேண்டியவர்கள் இங்கே இருக்கும் நாம்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், குறுக்கே குரல் கொடுத்த தம்பிக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!